சிப்காட் கூலியும் சொத்துவரியும்

கேள்வி: கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் தினக்கூலிக்குப் போகிறவருக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு. சொத்துவரியில் ஏழைக்கென்று சலுகை உண்டா?

பதில்: வரிச்சீட்டுக்குச் சம்பளச்சீட்டைப் படிக்கத் தெரியாது. தமிழ்நாட்டில் வீட்டின் பரப்பு, தெரு, பயன்பாடு ஆகியவற்றை வைத்துத்தான் கணக்கு. 2022 உயர்வில் கும்மிடிப்பூண்டி போன்ற பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1,800-ஐத் தாண்டியதற்கு 100 சதவீதம் என்று வைத்தார்கள். சின்ன வீட்டுக்குக் கிடைத்த சலுகை அதுதான். மும்பையில் அதே ஆண்டு முதல் 500 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு வரியே இல்லை. இங்கேயும் அது வர வேண்டும்.

அதுவரை? ஏப்ரல், அக்டோபர் முடிவதற்குள் அந்தந்த அரையாண்டு வரியைக் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை. 500 ரூபாய் வரியில் 25 ரூபாய் மிச்சம். ஒரு வேளை டீயும் வடையும். விட்டுவிட்டால் மாதம் 1 சதவீதம் வட்டி ஏறும்.

ரசீதை ஒருமுறை உற்றுப் பார்க்கவும். குடியிருக்கும் வீடு கடை என்று பதிவாகியிருந்தால் வரி எகிறும். பேரூராட்சியில் செயல் அலுவலரிடமும், திருவள்ளூர் நகராட்சியில் ஆணையரிடமும் மறு அளவீடு கேட்டு மனு கொடுக்கலாம். நகரவில்லையா, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகலாம். ஒருநாள் கூலி போகும் என்பதால், ரசீது நகலை முதல்நாளே எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.