ஐம்பத்திரண்டில் ஒரு பங்கு ஜமீன்தார்

கொடைக்கானலில் சொந்த நிலம் வைத்திருப்பவர் அதைப் பற்றி வாய் திறக்க மாட்டார். பட்டா, வேலி, காட்டுமாடு என்று அவருக்கு ஆயிரம் தலைவலி. அங்கே ஒரு ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம் வாங்கிப் போட்டிருப்பவர் இருக்கிறாரே, அவர்தான் கல்யாணப் பந்தியில் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே "நம்ம கொடைக்கானல் வீட்ல..." என்று ஆரம்பிப்பார்.

டைம்ஷேர் சமாசாரம் தெரியாதவர்களுக்கு: ஷாப்பிங் மாலில் பெயரெழுதிப் போட்ட சீட்டுக்குப் பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று போன் வரும். போனால் இரண்டு மூன்று மணி நேரம் ஏசி அறையில் உட்காரவைத்து, மலைப் படங்கள் காட்டி, கையெழுத்து வாங்கிவிடுவார்கள். 25 வருஷத்துக்கு, வருஷம் ஏழு ராத்திரி. அதற்குமேல் ஆண்டுதோறும் பராமரிப்புக் கட்டணம் தனி. நம் ஊரில் இப்படி விற்கப்படுவது பெரும்பாலும் தங்கும் உரிமை மட்டுமே. ஒரு செங்கல்கூட வாங்கியவர் பெயரில் இருக்காது. ஒப்பந்தத்தில் பொடி எழுத்தில் எல்லாம் இருக்கிறது. நம்மவர் அதைப் படித்ததில்லை. பரிசாக வந்த டின்னர் செட்டை மட்டும் பத்திரமாக வைத்திருக்கிறார்.

இப்பேர்ப்பட்டவர் சிகரெட் பிடிப்பவராகவும் அமைந்துவிட்டால், ரிசார்ட் மேனேஜருக்கு அந்த ஏழு நாளும் ஏழரைதான்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். வீட்டில் அனுமதி கிடையாது. மொட்டை மாடியில் போய் நின்றால் அங்கே வடாம் காய்கிறது. ஆபீசில் கேட்டைத் தாண்டி டீக்கடை வரை நடக்க வேண்டும். கால்மேல் கால் போட்டு, சொந்தக்கார தோரணையில் ஒரு தம் இழுக்க உலகத்தில் தனக்கென்று இருப்பது அந்தக் கொடைக்கானல் பால்கனி ஒன்றுதான் என்று வருஷம் பூராவும் நினைத்துக்கொண்டே வருகிறார். வத்தலக்குண்டு தாண்டி, கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி, அறைக் கதவைத் திறந்தால், மேஜைமேல் ஒரு அட்டை: "இங்கு புகைபிடிப்பது தண்டனைக்குரிய குற்றம்."

உடனே ரூம் பையனைக் கூப்பிடுவார்.

"தம்பி, ஆஷ்ட்ரே எங்க?"

"இல்ல சார்."

"தீப்பெட்டி?"

"அதுவும் தரக் கூடாதுன்னு ரூல் சார்."

பையன் சொல்வது சத்தியம். 2003-இல் வந்த புகையிலைப் பொருட்கள் சட்டத்துக்காக 2008-இல் எழுதிய விதிகளில் ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் மூன்றையும் பெயர் சொல்லி விலக்கியிருக்கிறார்கள். அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, அந்த வருஷம் காந்தி ஜெயந்தியன்று, நாடு முழுக்க அமலுக்கு வந்த விதிகள் அவை. நம்மவருக்குத் தேதி உட்பட எல்லாம் தெரியும். தெரிந்ததால்தான் வழக்காடுகிறார். "தடை பொது இடத்துக்குத்தானே? இது என் சொந்த இடம் சார். என் வாரம், என் ரூம், என் பால்கனி!"

மேனேஜர் பொறுமைசாலி. ஹோட்டல் என்றாலே சட்டப்படி பொது இடம்தான் என்பதில் தொடங்குவார். 30 அறைகளோ அதற்கு மேலோ இருந்தால் புகைபிடிப்பவர்களுக்கென்று சில அறைகளை ஒரே பக்கமாகச் சேர்த்து, புகை மற்ற அறைகளுக்குள் புகாதபடி ஒதுக்கலாம். "அந்தக் கடைசி எழுத்தைக் கவனிங்க சார். ஒதுக்க'லாம்'. நாங்க ஒதுக்கலை."

மேனேஜர் சொல்லாமல் விடும் காரணம் ஒன்று உண்டு. சொந்த வீட்டில் ஊதினால் அந்த நாற்றத்தோடு குடியிருக்கப் போவது ஊதியவர்தான். இங்கே காலையில் இவர் சாவியைக் கொடுத்தால் மத்தியானம் அடுத்த வாரக்காரர் கைக்குழந்தையோடு வந்து இறங்குகிறார். சிகரெட் புகையிலுள்ள நிகோடின் திரைச்சீலை, மெத்தை, சுவர் என்று கிடைத்ததிலெல்லாம் படிந்து மாதக்கணக்கில் தங்கக் கூடியது. குளிருக்குப் பயந்து ஜன்னலை இறுக்கிச் சாத்தும் ஊரில் அது எங்கே போகும்? பாக்கி 51 வாரக்காரர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்த மாதிரிதான்.

விவாதத்தில் தோற்றவர் தொழில்நுட்பத்தில் இறங்குவார். இதில் அவர் கைதேர்ந்தவர். கூரையில் சிவப்புப் பொட்டோடு கண் சிமிட்டும் புகைக் கருவிக்கு, குளியலறையில் வைத்திருக்கும் ஷவர் கேப்பை மாட்டி, மனைவியின் ரப்பர் பேண்டால் இரண்டு சுற்றுச் சுற்றுவார். அதற்கு நாற்காலிமேல் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டியவர் மனைவி. "அறுபது வயசுக்கு மேல இது தேவையா உங்களுக்கு?" என்பார் அவர், ஆனாலும் பிடித்துக்கொள்வார். அடுத்து, கதவடியில் ஈரத் துண்டு. அதற்கும் அடுத்து ஒரு சொந்தக் கண்டுபிடிப்பு: குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியோடு ஆவியாகப் புகையையும் கலந்துவிடுவது.

இங்கேதான் சறுக்குகிறார். அந்தக் கருவிக்கு வெளிச்சத்தைச் சிதறடிக்கும் துகள் எல்லாம் ஒன்றுதான். சிகரெட்டா, குளியலறை ஆவியா என்று அது விசாரித்துக்கொண்டிருக்காது. கட்டில்மேல் இருந்ததற்குத்தான் குல்லாய் போட்டார். கதவுக்கு வெளியே, வராந்தாவில், இன்னொன்று இருக்கிறது. ஆவி தாங்காமல் மனைவி கதவைத் திறக்க, மாடி முழுக்க அலறியது. செக்யூரிட்டி ஓடி வந்தபோது அவர் மங்கி குல்லாவும் லுங்கியுமாக நின்று சொன்ன பதில்: "ஒண்ணுமில்ல தம்பி, மூடுபனி உள்ள வந்துடுச்சு."

அதே மனிதர் ஒரு வருஷம் அறைக்குள் நுழைந்ததுமே மூக்கைச் சுளித்தார். தலையணையை மோந்தார். திரைச்சீலையை மோந்தார். பால்கனிப் பூந்தொட்டியைக் கிளறினால் பீடித் துண்டு. "எவன்யா என் வீட்ல பீடி குடிச்சது?" என்று கீழே இறங்கியவர், யாரிடம் புகார் செய்ய வேண்டும் என்று விதிப்படி பலகையில் எழுதியிருந்த பெயரைத் தேடிப் பிடித்து, இரண்டு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். பில்டர் சிகரெட் விஷயத்தில் அவருக்குத் தாராள மனசு. பீடி என்றால் அது ஒழுக்கக்கேடு.

அலாரம் அடித்த பிறகு அவருக்கு வாய்த்த இடம் ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் ஒரு மூலை. ஒரு மணல் வாளி, இரண்டு சிமெண்ட் பெஞ்சு. டிசம்பர் ராத்திரியில் பல் கிட்டும் குளிர். ஆனால் சொல்கிறேன், அந்த ரிசார்ட்டிலேயே உயிரோட்டமான இடம் அதுதான். உள்ளே ஹீட்டர் போட்ட ஹாலில் ஆளுக்கொரு போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். இங்கே மதுரைக்காரரும் கோயம்புத்தூர்காரரும் ஒரே லைட்டரில் பற்றவைத்துக்கொண்டு பராமரிப்புக் கட்டண உயர்வை அலசுகிறார்கள். பள்ளிக்கூட லீவில் அறை கிடைக்காத கதை, மகன் அமெரிக்காவிலிருந்து வராத கதை, தன் வாரத்தை விற்கப் பார்த்தும் வாங்க ஆளில்லாத கதை, எல்லாம் இங்கேதான். பங்குதாரர்களின் பொதுக்குழு என்று ஒன்று உண்மையில் கூடுவதாக இருந்தால் அது இந்த மணல் வாளியைச் சுற்றித்தான்.

ஒரு நாள் பொதுக்குழுவில் சூடேறி, மேனேஜரைக் கையோடு கேட்டுவிடுவதென்று நம்மவர் எழுந்தார். கேள்வி மனசில் இருந்ததே தவிர விரலிடுக்கில் இருந்தது நினைவில்லை. ரிசப்ஷனுக்குள் நுழைந்து, "என் சொந்த இடத்துல..." என்று சிகரெட்டை ஆட்டி ஆரம்பித்தபோது, அங்கே ஒருவர் டேப்பை வைத்து எச்சரிக்கைப் பலகையை அளந்துகொண்டிருந்தார். அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 30 சென்டிமீட்டர் குறையாமல் இருக்க வேண்டும். நகராட்சி சுகாதார ஆய்வாளர். டேப்பைச் சுருட்டிவிட்டு ரசீதுப் புத்தகத்தை எடுத்தார்.

"இருநூறு ரூபா சார்."

"எதுக்கு?"

"கையில இருக்கே, அதுக்கு."

"சாரோட சொந்த இடம்ங்க இது," என்று மேனேஜர் பணிவாக எடுத்துக் கொடுத்தார்.

நம்மவர் ஒரு நிமிஷம் யோசித்தார். "சொந்தம்னா முழுசாவா? அம்பத்திரண்டுல ஒரு பங்குதான் சார் என்னுது." போனில் கால்குலேட்டரைத் திறந்து தட்டினார். "என் பங்குக்கு மூணு ரூபா எண்பத்தஞ்சு பைசா வருது. மிச்சத்தை மத்த அம்பத்தோரு பேர்கிட்ட வசூல் பண்ணிக்குங்க." ஐந்து ரூபாய் நாணயம் ஒன்றைக் கவுண்டரில் வைத்துவிட்டு, பாக்கிச் சில்லறைக்குக் கை நீட்டினார்.