பத்திரமாய் இருக்கிறது நலன்

கட்டடத் தொழிலாளர் நலனுக்காகக் கட்டுமானச் செலவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை செஸ் வசூலிக்கும் சட்டம் 1996-இல் வந்தது. பணம் சேரட்டும், நலனை மட்டும் அவசரப்படுத்தலாகாது. 2020 மார்ச்சில் பெருந்தொற்று கதவைத் தட்டியபோது, அப்படிச் சேர்ந்த நிதியில் சுமார் 52,000 கோடி ரூபாய் கிடப்பதாக ஒன்றியத் தொழிலாளர் அமைச்சகமே கணக்குச் சொல்லி, எடுத்துக் கொடுங்கள் என்று மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. நல வாரியப் பதிவு அட்டை இருந்தவர் வங்கிக் கணக்கைப் பார்த்தார். இல்லாதவர் நெடுஞ்சாலையில் நடந்தார். தனி நிதியென்றால் அரசு கைவைக்காது, பத்திரமாக இருக்கும் என்பார்கள். உண்மைதான், உரியவரே கைவைக்க முடியாத அளவுக்குப் பத்திரம்.

தனி நிதி வேண்டாமென்றால் உழைப்பவரே சந்தா கட்டட்டும் என்பார்கள். அந்தச் சந்தா முறை மாதச் சம்பளக்காரருக்குச் சரி. சம்பளச் சீட்டிலேயே பிடித்துவிடலாம். நம் உழைப்பாளர்களில் பெரும்பாலோருக்கு அந்தச் சீட்டே கிடையாது. அவர்களுக்காக 2019-இல் வந்த ஓய்வூதியத் திட்டத்தில், 18 வயதிலிருந்து மாதம் 55 ரூபாய் கட்டினால் அறுபதில் மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். 42 ஆண்டுகள் விடாமல் கட்டும் அளவுக்கு வேலை கிடைக்கும் தினக்கூலியைத்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். சந்தா கட்டாதவருக்கு வரிப்பணத்தைக் கொடுத்தால் வரி கட்டுபவர் ஏமாளியா என்று சிலர் பொங்குவார்கள். செல்பேசி ரீசார்ஜுக்கு ஜிஎஸ்டி கட்டும் சித்தாளும் வரி கட்டுபவர்தான். அங்கே அவரிடம் யாரும் பதிவு அட்டை கேட்பதில்லை. எனவே அடிப்படை ஓய்வூதியம் பொது வரியிலிருந்து வரட்டும். அதற்குமேல் வேண்டுபவர் சந்தா கட்டட்டும். வாங்கும்போது எல்லோரையும் அடையாளம் தெரிகிற அரசுக்கு, கொடுக்கும்போது மட்டும் பார்வை மங்க வேண்டியதில்லை.