கையொப்ப மேஜையின் முன் ரஸிகர்: ஒரு தத்துவ விசாரணை

கல்வெட்டுகளின் காலத்தை நிர்ணயிப்பதற்கும் காவியங்களில் இடைச்செருகல்களைக் களைவதற்கும் பல்கலைக்கழகங்களில் பீடங்கள் உண்டு. பீடங்களில் பேராசிரியர்கள் உண்டு. அவர்களுக்குள் தீராத விவாதங்களும் உண்டு. ஆனால் 1980களில் புகழின் சிகரத்தில் நின்ற ஒரு சங்கீதக்காரர், தலை நரைத்தபின் தம் சரித்திரத்தைத் தாமே எழுதி, புத்தகக் கடையொன்றில் மேஜை போட்டு அமர்ந்திருக்க, அவருடைய பாட்டைக் கேட்டே வளர்ந்து, தாமும் நரை கண்டுவிட்ட ஒரு ரஸிகர் கையில் புத்தகத்தோடு அவர்முன் சென்று நிற்கும் அந்தச் சில விநாடிகளில் நிகழ்வது யாது என்னும் வினாவுக்கு எந்தப் பீடமும் இடங்கொடுத்ததாகத் தெரியவில்லை. இக்குறையை நீக்கும் பொருட்டே இவ்வாராய்ச்சி மேற்கொள்ளப்படுகிறது. இதனால் உலகத்துக்கு விளையும் பிரயோஜனம் என்னவென்று கேட்பவர்கள், வரிசையில் நின்று பழக்கமில்லாதவர்களாகவே இருக்க வேண்டும்.

காரண காண்டம்

காரணமின்றிக் காரியமில்லை என்பது தார்க்கிகர் கொள்கை. பாடுவதையே தொழிலாகக் கொண்டவர் எழுதப் புகுந்ததற்குக் காரணம் முதலில் தேடற்பாலது. 2004இல் பாப் டிலனும், 2010இல் கீத் ரிச்சர்ட்ஸும் தத்தம் சுயசரிதையை வெளியிட்டபோது, கிதார் பிடித்த கை எழுதும் வசனத்தையும் ஜனங்கள் விலைகொடுத்து வாங்குவார்கள் என்ற உண்மை பதிப்பாளர்களுக்குப் பிரத்யக்ஷமாயிற்று. எண்பதுகளின் நக்ஷத்திரங்களோ அப்பொழுதுதான் திரும்பிப் பார்க்கும் வயதை எய்திக்கொண்டிருந்தார்கள். ஆகவே 2012இல் டுரான் டுரான் குழுவின் ஜான் டெய்லர், 2013இல் மாரிஸி, 2014இல் நியூ ஆர்டர் குழுவின் பெர்னார்ட் ஸம்னர், 2015இல் கிம் கார்டன், 2016இல் ஜானி மார், அதே ஆண்டில் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று ஒருவர்பின் ஒருவராக நூலாசிரியர் ஆயினர்.

இதனால் ரஸிகர்களுக்கு நேர்ந்த லாபம் அவர்களே எதிர்பாராதது. சங்கீத உலகத்தின் சம்பிரதாயப்படி, பாடுபவர் மேடையிலும் கேட்பவர் தடுப்புக் கம்பிக்கு அப்பாலும் நிற்கவேண்டும்; இவ்விருவருக்கும் இடையே வெளிச்சமும் ஒலிபெருக்கியும் காவலரும் இருப்பர். புத்தக உலகத்தின் சம்பிரதாயமோ வேறு. அங்கே நூலாசிரியரென்பவர், தம் புத்தகம் விற்கவேண்டுமானால், ஒரு மரமேஜையின் பின்னே உட்கார்ந்து வருவோர்க்கெல்லாம் கையெழுத்திட்டுத் தரக் கடமைப்பட்ட சாதாரண மனிதர். முப்பது வருஷம் தட்டியும் திறவாத கோபுர வாசலை விட்டு, பக்கத்திலிருந்த புத்தகக் கடையின் சிறு கதவு வழியாக ரஸிகர் கர்ப்பக்கிருகத்துக்குள் நுழைந்துவிட்டார் என்பதே இக்காண்டத்தின் சாரம்.

உபகரண காண்டம்

இந்நிகழ்ச்சிக்கு வேண்டும் உபகரணங்கள் நான்கு: மேஜை, பேனா, தலைப்புப் பக்கம், சீட்டு. மேஜையின் அகலமே இருவருக்கும் இடையே விதிக்கப்பட்ட தூரம். பேனா பெரும்பாலும் 1964 முதல் அமெரிக்காவில் விற்பனையாகிவரும் ஷார்ப்பி என்னும் தடித்த மைக்கோல்; கறுப்பு இசைத்தட்டு உறைகளுக்கு வெள்ளி மை உசிதமெனினும், 'புத்தகம் தவிர வேறெதிலும் கையெழுத்து இல்லை' என்று கடைக்காரர் முன்கூட்டியே அறிவித்துவிடுவதால், பழைய உறையைப் பையில் மறைத்துக் கொண்டுவந்தவர் அதை அப்படியே மறைத்துக் கொண்டுபோக நேர்கிறது. தலைப்புப் பக்கத்தில், அச்சிட்ட தம் பெயரைக் குறுக்கே ஒரு கோட்டால் அடித்துவிட்டுக் கீழே கையால் எழுதுவது சில நூலாசிரியர்களின் பழைய வழக்கம். சுவரொட்டியில் தம் பெயரைப் பேரெழுத்தில் கண்டு பழகிய சங்கீதக்காரர்களுக்கு அதனை அடிக்க மனம் வருமா என்பது தனி ஆராய்ச்சிக்கு உரியது.

நான்கினுள் தலையாயது சீட்டே. வரிசை நகர்ந்துகொண்டிருக்கும்போதே கடைச் சிப்பந்தி ஒருவர் ஒவ்வொருவரிடமும் பெயரைக் கேட்டு, ஒட்டுத்தாளில் எழுதி, தலைப்புப் பக்கத்தில் ஒட்டிவைக்கிறார். காத்தரின் என்பவள் ஆங்கிலத்தில் எந்த எழுத்தில் தொடங்குகிறாள், ஜான் என்பவன் நடுவே ஓர் எழுத்தை உடையவனா இல்லாதவனா என்ற ஐயங்களெல்லாம் மேஜையை அடையுமுன்பே தீர்ந்துவிட வேண்டும் என்பது இதன் நோக்கம். ஐந்நூறு பேருக்கு இரண்டு மணி நேரத்தில் கையெழுத்திடுவதானால் ஆளுக்குப் பதினான்கு விநாடியே கிடைக்குமாதலின், இச்சீட்டு இல்லாவிடில் அப்பதினான்கு விநாடியும் எழுத்துக் கூட்டுவதிலேயே கழிந்துபோம்.

நிலை காண்டம்

ரஸிகருடைய அன்பு கைக்கிளையைச் சேர்ந்தது என்பதில் இலக்கண ஆசிரியர்களுக்குக் கருத்து வேற்றுமை இருக்க நியாயமில்லை. ஒருதலையாகவே தோன்றி, ஒருதலையாகவே வளர்ந்து, மறுதலைக்குத் தெரியாமலே முதிர்ந்த அன்பு அது. நாற்கவிராச நம்பி கைக்கிளைக்குக் கூறிய காட்சி, ஐயம், துணிவு, குறிப்பறிவு என்னும் நான்கு நிலைகளும், அவர் கனவிலும் கண்டிராத புத்தகக் கடை வரிசையில் பிறழாமல் அமைந்து கிடத்தல் வியக்கத்தக்கது.

காட்சியாவது, முன்னே நிற்பவர்களின் தோள்களுக்கிடையே அவர் முதன்முதலில் கண்ணுக்குத் தட்டுப்படுதல். இந்நிலையில் ரஸிகர் கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார், தலைமுடியைச் சரிசெய்வார், பேசுவதற்கென்று நெட்டுருப் போட்டுவைத்த வாக்கியத்தை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பார்.

ஐயமாவது, இவர் அவர்தாமா என்று மயங்குதல். எதிர்ப்பட்டவள் தெய்வமகளோ மானிட மகளோ என்று தலைவன் ஐயுறுங்கால், மாலையை வண்டு மொய்ப்பதையும் கண் இமைப்பதையும் கொண்டு தெளிவான் என்பர் முன்னோர். வண்டுகள் புத்தகக் கடைகளுக்கு வருவதில்லையாதலின், ஈண்டு இமைப்பு ஒன்றே பிரமாணம். அவர் இமைக்கிறார்; இடையில் தண்ணீர் குடிக்கிறார்; எழுதிக் களைத்த விரல்களை உதறிக்கொள்கிறார். ஆகவே மானிடரே என்பது ஸ்தாபிதமாகிறது. ஆயினும், 1984இல் சுவரில் ஒட்டியிருந்த படத்திலுள்ளவர் இவர்தாமா என்னும் ஐயம் அதனால் தீர்வதில்லை. முகம் அதற்குச் சாட்சி சொல்ல மறுக்கிறது.

துணிவு பிறப்பது கண்ணால் அன்று, காதால். அவர் சீட்டை நோக்கி, அதில் எழுதியிருக்கும் பெயரை வாய்விட்டுப் படிக்கிறார். முகத்தில் காலம் செய்த மாறுதல்களைக் குரல் அவ்வளவாக ஒப்புக்கொள்வதில்லை. நாடாவிலும் தட்டிலும் ஆயிரம் முறை கேட்ட அதே குரல், யார் யாருடைய பெயரையோ பாட்டில் வைத்துப் பாடிய அதே குரல், இப்பொழுது தம்முடைய பெயரைச் சொல்லக் கேட்ட மாத்திரத்தில் ஐயமெல்லாம் அகன்றுவிடுகிறது. அகலும்போது நெட்டுருப் போட்ட வாக்கியத்தையும் உடன் கொண்டு போய்விடுகிறது.

ஆகவே ரஸிகர் கூறுவன மூன்று வகையுள் அடங்கும். முதலாவது, தேசகாலம் கூறல்: "1985இல் வெம்ப்லி மைதானத்தில் நானும் இருந்தேன்." பல்லாயிரவரோடு இருந்த செய்தியை ஒருவரிடம் தனியே அறிவிப்பதால் இது நயமுடையது. இரண்டாவது, வைத்தியம் கூறல்: "உங்கள் பாட்டுத்தான் அந்தச் சமயத்தில் என்னைக் காப்பாற்றியது." எந்தச் சமயத்தில் என்று கேட்க அவருக்கும், சொல்ல இவருக்கும் அவகாசமில்லாமையால் இது பாதியில் நிற்கும். மூன்றாவது, அயற்பொருள் கூறல்: "வெளியே மழை பெய்கிறது." அபார சாஹித்ய ஞானமுடையவர்களும் கடைசியில் இம்மூன்றாம் வகையில் வந்து விழுவதே இயல்பு.

குறிப்பறிவாவது, மேற்படி கூற்றுக்கு அவர் அளித்த மறுமொழியின் உட்பொருளை ஆராய்தல். மறுமொழி பெரும்பாலும், "வந்ததற்கு மிக்க நன்றி" என்பதே. இதனை எல்லோரிடமும் சொல்கிறார் என்பதை வரிசையில் நின்றபோது தம் காதாலேயே கேட்டிருந்தும், தம்மிடம் சொன்னபோது 'மிக்க' என்னும் சொல்லில் ஒரு விசேஷ அழுத்தம் இருந்ததாக ஒவ்வொருவரும் உறுதியாகக் கூறுவர்.

பண்டைக் காலத்தில் புலவனும் பொருநனும் புரவலனை நாடிச் சென்றனர். கரிகாலன் விடைகொடுக்கும்போது ஏழடி பின்வந்து வழியனுப்பினான் என்று பொருநராற்றுப்படை கூறும். இக்காலத்தில் புரவலர்கள்தாம் புத்தகத்துக்கு முழு விலையும் கொடுத்துவிட்டுப் பாணனை நாடிச் செல்கிறார்கள். பாணன் ஏழடி பின்வருவதற்கு மேஜை தடையாதலின், கடைச் சிப்பந்தியே அவ்வேழடியும் உடன்வந்து, சற்றே வேகமாக வழியனுப்பிவைக்கிறார்.

பூர்வபக்ஷ காண்டம்

இனி ஆட்சேபங்களைக் கவனிப்போம். 'இக்கொடுக்கல் வாங்கலில் ரஸிகர் பெருநஷ்டம் அடைகிறார்' என்பது முதல் ஆட்சேபம். ஸ்பிரிங்ஸ்டீன் 1984இல் வெளியிட்ட 'பார்ன் இன் தி யு.எஸ்.ஏ.' ஏறத்தாழ 47 நிமிஷம் ஓடுவது. அதனை வாரத்துக்கு ஒருமுறை கேட்டவர், சுயசரிதை வெளிவந்த 2016 வரையில் சுமார் 1,300 மணி நேரத்தை அதற்குச் செலவிட்டிருப்பார். திரும்பக் கிடைப்பது பத்து விநாடியென்று கொண்டால், கொடுத்தது பெற்றதைப்போல் ஏறக்குறைய 4,70,000 மடங்கு. எந்த வட்டிக்கடையிலும் இத்தகைய அநியாயம் நடவாது என்பர் ஆட்சேபிப்போர்.

'பேனா பட்ட காகிதத்துக்காகத்தானே இவ்வளவும். அந்த மை எங்கிருந்து வந்தால் என்ன?' என்பது இரண்டாவது. இதற்கு விடை 2022 நவம்பரில் உலகத்தாருக்குக் கிடைத்தது. பாப் டிலனுடைய புதிய நூலில், அவர் கைப்படக் கையெழுத்திட்டவை என்று பிரதி ஒன்று 599 டாலர் வீதம் 900 பிரதிகளை, நம்பகச் சான்றிதழும் சேர்த்து, பதிப்பாளரான சைமன் அண்டு ஷூஸ்டர் விற்றனர். வாங்கியவர்கள் தம்முள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, கையெழுத்துகள் அச்சடித்தாற்போல் ஒத்திருந்தன. மனிதக் கை ஒரு கோட்டை இருமுறை ஒரேவிதமாகப் போடாதாகையால், அவை யந்திரப் பேனாவின் கைவண்ணம் என்பது வெளிப்பட்டது. பதிப்பாளர் மன்னிப்புக் கோரிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். தலைச்சுற்றல் நோயைக் காரணம் காட்டி டிலனும் வருத்தம் தெரிவித்தார். இங்கே நோக்கத் தக்கது யாதெனில், உண்மை தெரிந்த பின்பும் அக்கையெழுத்தில் ஒரு கோடும் மாறவில்லை, ஒரு துளி மையும் குறையவில்லை. ஆயினும் அதன் மதிப்பு அன்றே மறைந்தது. வாங்கியவர்கள் வாங்கியதாக நினைத்தது மையை அன்று. டிலன் குனிந்து எழுதிய இரண்டு விநாடியை. அந்த விநாடி அவருடைய ஆயுளில் செலவாகவே இல்லை என்பதே அவர்களுடைய வழக்கு.

இதற்கு மறுதலையான உதாரணமும் உண்டு. கனடா தேசத்து எழுத்தாளர் மார்கரெட் அட்வுட், ஊர் ஊராய் அலைந்து கையெழுத்திடும் சிரமத்தைத் தவிர்க்க எண்ணி, தொலைவிலுள்ள புத்தகத்தில் தாம் இருந்த இடத்திலிருந்தே எழுதும் 'லாங்பென்' என்னும் கருவியை ஏற்படுத்தி, 2006இல் லண்டன் புத்தகச் சந்தையில் காட்டினார். அங்கேயும் யந்திரம்தான் எழுதியது. ஆனால் திரையில் வாசகரோடு பேசிக்கொண்டே, அவருக்கென்று எழுதினார். கை வரவில்லை, காலம் வந்தது. ஆகவே அதனை மோசடியென்று யாரும் சொல்வதற்கில்லை.

'அப்படியானால் கண்முன்னே எழுதித் தராத இடத்தில் ரஸிகர் திருப்தியடைவது எங்ஙனம்?' என்பது மூன்றாவது. 2016 செப்டம்பர் 27ஆம் தேதி ஸ்பிரிங்ஸ்டீன் தாம் வளர்ந்த ஊராகிய நியூ ஜெர்ஸி ஃப்ரீஹோல்டில் ரஸிகர்களைச் சந்தித்தபோது, புத்தகங்கள் முன்னதாகவே கையெழுத்திடப்பட்டிருந்தன. பெயரெழுதும் சீட்டு இல்லை, பேனாவும் இல்லை, இடையே மேஜையும் இல்லை. ஒவ்வொருவரும் அவர் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம், அவ்வளவே. உபகரணம் நான்கில் மூன்று ஒழிந்தும் வரிசை ஒழியவில்லை. எஞ்சி நின்றது காலம் ஒன்றுதான் என்பது இதனால் பெறப்படும்.

'கொடுப்பவருக்கு அதன் அருமை தெரியாதே' என்பது இறுதி ஆட்சேபமும் வலிய ஆட்சேபமும் ஆகும். இதற்கு ஸ்பிரிங்ஸ்டீனே சாட்சி. 1976 ஏப்ரலில் மெம்பிஸ் நகரத்துக்குக் கச்சேரிக்கு வந்த அவர், நள்ளிரவில் எல்விஸ் பிரெஸ்லியின் கிரேஸ்லேண்டு மாளிகைக்குச் சென்று, சுற்றுச் சுவரைத் தாண்டிக் குதித்தார். காவலர் பிடித்துக்கொண்டபோது, தாம் இன்னார் என்றும், முந்திய ஆண்டு 'டைம்', 'நியூஸ்வீக்' பத்திரிகைகள் இரண்டின் அட்டையிலும் தம் படம் வந்ததென்றும் எடுத்துச் சொல்லியும் பயனில்லை. எல்விஸ் ஊரில் இல்லை. விருந்தாளி வீதிக்கு வழியனுப்பப்பட்டார். மறு ஆண்டு ஆகஸ்டில் எல்விஸ் காலமானார். பத்து விநாடியின் விலை என்ன என்பதைச் சுவரேறிக் குதித்தவருக்கு வரிசையில் நின்றவர் சொல்லித்தர வேண்டியதில்லை.

சித்தாந்தம்

ஆகவே நாம் துணிந்த முடிவாவது: கையெழுத்தென்பது, பெருங்காலம் கொடுத்தவருக்குச் சிறுகாலம் திருப்பியளிக்கப்பட்டதற்கான ரசீது. ரசீதில் தொகை குறைவாயிருப்பது குற்றமாகாது. கொடுத்தவர் தாமே எண்ணிக் கொடுத்தாரா என்பதே கேள்வி. முப்பது வருஷத்துக் கடனைப் பதினான்கு விநாடியில் எடுத்துரைக்க எந்தப் பாஷையிலும் வாக்கியம் இல்லையாதலின், அங்கே நாக்குழறுவது ரஸிகரின் குறையன்று; கடனின் அளவுக்கு அதுவே அத்தாட்சி. எதிரே அமர்ந்திருப்பவரும் எங்கேயோ ஒரு வாசலில் குழறியவர்தான். எனவே, இனி வரிசையில் நிற்கப் போகிறவர்கள் வாக்கியம் தயாரிக்கும் வீண் சிரமத்தை விட்டு, சீட்டில் தம் பெயரைத் தெளிவாக எழுதச் செய்வதோடு அமைவார்களாக. மழையைப் பற்றிப் பேசுவதில் ஆட்சேபணை ஏதுமில்லை.