தலைமாடு, கால்மாடு: உடல்தாங்கித் தலையணை பற்றிய ஓர் ஆய்வு

உறங்கும் உடல் படுக்கையில் எங்கெல்லாம் படுவதில்லை என்பதே தலையணையியலின் அடிப்படைக் கேள்வி. மல்லாந்து படுத்தவருக்குக் கழுத்தின் பின்புறமும் இடுப்பின் வளைவும் முழங்காலின் அடியும் பாயைத் தொடுவதில்லை. ஒருக்களித்துப் படுத்தவருக்குத் தோளுக்கும் காதுக்கும் இடையே ஒரு பெரும்பள்ளம், விலாவுக்குக் கீழே ஒரு சிறுபள்ளம், முழங்கால் இரண்டுக்கும் நடுவே ஒரு சந்து. குப்புறப் படுத்தவருக்குப் பள்ளம் குறைவு, மூக்குதான் இடைஞ்சல். இந்தப் பள்ளங்களை எதைக் கொண்டு, எவ்வளவு உயரத்துக்கு அடைப்பது? ஒரே தலையணையால் அத்தனையையும் அடைக்க முடியுமா? முடியும் என்பது இக்கட்டுரையின் முற்பாதியிலேயே ஒருவாறு தெளிந்துவிடும். நம் வீடுகளில் ஏன் முடியாது என்பதற்குத்தான் மீதி இடம் தேவைப்பட்டது.

தலையணை மந்திரம் இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது. தலையணைப் பருமனில் வெளிவரும் நாவல்களும் வரா, அவற்றால் பலருக்கு நல்ல தூக்கம் வாய்க்கிறது என்ற போதிலும்.

உடல்தாங்கி வடிவமைப்பின் ஆதி ஆவணம் மகாபாரதத்தின் பீஷ்ம பருவம். பத்தாம் நாள் போரில் சாய்ந்த பீஷ்மரின் உடல் முழுவதையும் அம்புகளே தாங்கின. தலை மட்டும் தொங்கியது. தலையணை கேட்டார். அரசர்கள் ஓடிப்போய் மெல்லிய தலையணைகளாகக் கொண்டுவந்து குவித்தார்கள். இந்தப் படுக்கைக்கு இவை ஒத்துவரா என்று ஒதுக்கிவிட்டு அருச்சுனனைப் பார்த்தார். அவன் மூன்று அம்புகளை எய்து தலையை ஏந்தி நிறுத்தினான். புராணிகர்கள் இந்த இடத்தில் வீரத்தைச் சொல்லிக் கண் கலங்குவார்கள். தலையணையியலாருக்கு இதில் வேறு பாடம் இருக்கிறது. படுக்கை எந்தச் சரக்கோ தலையணையும் அதே சரக்காக இருக்க வேண்டும். படுப்பவரை அறிந்தவர்தான் உயரம் பார்க்க வேண்டும். உத்தராயணம் பிறக்கும்வரை அவர் அதில் கிடந்தார். இவ்வளவு நீண்ட சோதனைக்கு இன்றைய தலையணைக் கம்பெனிகளுக்குப் பொறுமை கிடையாது.

பொருட்செலவு தூக்கத்தைத் தருமா என்ற கேள்விக்கு நெடுநல்வாடை எப்போதோ விடை சொல்லிவிட்டது. பாண்டிமாதேவியின் கட்டில், நாற்பது வயது கண்ட யானையின் தந்தத்தில் இழைத்தது. அதன்மேல் அன்னத்தின் தூவி அடைத்த அணை. அரசன் பாசறையில் இருக்கிறான், அவளுக்குத் தூக்கம் வரவில்லை. மெத்தைக் கடைக்காரர்கள் பத்துப்பாட்டைப் படிக்காதிருப்பது வியாபாரத்துக்கு நல்லது.

படுக்கும் கோலங்களை வகைபிரிப்பதில் நம் வைணவர்களை மிஞ்ச ஆளில்லை. திருவரங்கத்தில் அரவணை. கடல்மல்லையில் பாம்பும் இல்லாமல் வெறுந்தரையில் தல சயனம். திருப்புல்லாணியில் இராமனுக்குத் தருப்பைப் புல். குடந்தை சாரங்கபாணிக்கு உத்தான சயனம்: திருமழிசையாழ்வார் கேட்டதற்காக எழுந்திருக்கத் தொடங்கி, பாதியில் நின்ற கோலம். (அலாரம் அடித்த பிறகு நாம் எல்லோரும் சற்று நேரம் இருக்கும் கோலமும் இதுவே.) காஞ்சி திருவெஃகாவில் அதே ஆழ்வார் சொல்லுக்குப் பெருமாள் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு ஊரைவிட்டே கிளம்பினார். திரும்பி வந்து படுத்தபோது தலைமாடும் கால்மாடும் இடம் மாறிப்போயின என்பது தலவரலாறு. இந்தத் தலைமாடு கால்மாடு விவகாரத்தை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும்; பின்னால் தேவைப்படும்.

கிடந்த கோலங்கள் பலவற்றில் திருவடிமாட்டில் தேவியர் வீற்றிருக்கிறார்கள். கால்தாங்கி என்றொரு பொருள் நம்மிடம் தனியாக வளராமல் போனதற்கு இதுவே காரணம் என்பது நம் துணிபு. அந்த ஏற்பாடு எல்லா வீட்டிலும் அமையாது. கேட்டுப் பார்ப்பதும் உசிதமல்ல.

இனி உடலியல். ஒருக்களித்துப் படுப்பவரின் தலையணை, தோள் எவ்வளவு அகலமோ ஏறக்குறைய அவ்வளவு உயர வேண்டும். அப்போதுதான் கழுத்து முதுகெலும்பின் நேர்கோட்டில் நிற்கும். மல்லாந்து படுப்பவருக்கு அதைவிடத் தாழ்வாக வேண்டும், குப்புறப் படுப்பவருக்கு அநேகமாக வேண்டவே வேண்டாம். சிக்கல் என்னவென்றால் இந்த மூவரும் ஒரே ஆள், ஒரே இரவில். அடுத்தது கால். ஒருக்களிக்கும்போது மேற்கால் சரிந்து முன்னால் விழுந்து, இடுப்பைத் திருகி, கீழ்முதுகையும் கூடவே இழுத்துப் போகிறது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையைச் செருகினால் இந்த இழுபறி நின்றுவிடும். மல்லாந்து படுப்பவர் அதையே முழங்காலுக்கு அடியில் தள்ளினால் கீழ்முதுகின் இறுக்கம் தளரும். தலைக்கு வைப்பதைக் காட்டிலும் காலுக்கு வைக்கும் தலையணைதான் முதுகுவலிக்காரருக்குப் பெரிய உபகாரம் என்று தோன்றுகிறது. இதைச் சபையில் சொல்ல முடியாது.

மாதம் ஏறிய கர்ப்பிணி மல்லாந்து படுத்தால் கருப்பையின் பாரம் கீழ்ப் பெருஞ்சிரையை அழுத்தி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தத்தைக் குறைக்கும். அதனால்தான் மருத்துவர்கள் ஒருக்களிக்கச் சொல்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் இடப்பக்கமாக. வயிற்றுக்கு அடியில் ஒன்று, முழங்கால் நடுவே ஒன்று, முதுகுக்கு முட்டுக்கொடுக்க ஒன்று, தலைக்கு ஒன்று என்று நான்கும் கட்டிலில் ஏறியபின் கணவர் பாயைத் தரையில் விரித்துக்கொள்வார். இந்த நான்கையும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தவையே இன்று சந்தையில் யு வடிவத்திலும் சி வடிவத்திலும் விற்கும் பெருந்தலையணைகள். சேர்த்துத் தைத்ததால் கட்டிலில் இடம் மிச்சமாகவில்லை. கணவர் இன்னும் தரையில்தான். நெஞ்செரிச்சல்காரர்களுக்கும் இடப்பக்கமே நல்லது என்கிறது மருத்துவம். தேரையர் தம் பிணியணுகா விதியில் இடப்பக்கமாகப் படுக்கச் சொல்லி வெகுகாலம் ஆகிறது. எதைக் கட்டிக்கொண்டு படுப்பது என்பதைச் சித்தர் நம்மிடமே விட்டுவிட்டார்.

சரக்கைப் பொறுத்தவரை என் சார்பை ஒளிக்கப்போவதில்லை: இலவம்பஞ்சு. போடி, தேனிப் பக்கத்து மரங்களில் காய் வெடித்து வரும் இந்தப் பஞ்சின் ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற ஒரு குழல், மேலே மெழுகுப் பூச்சு. உள்ளே பெரும்பகுதி காற்றுதான். தண்ணீர் எளிதில் ஏறாது என்பதால் ஒருகாலத்தில் கப்பல்களின் உயிர்காப்பு உடுப்புகளில் இதைத்தான் அடைத்தார்கள். வழுவழுப்பாகவும் குட்டையாகவும் இருப்பதால் நூலாக நூற்பது கடினம்; படுக்கைக்கென்றே பிறந்த பஞ்சு. இலவு காத்த கிளி ஏமாந்தது என்பார்கள். உண்ண வந்த இடத்தில் படுக்க வந்திருந்தால் ஏமாந்திருக்காது. குறைகள் உண்டு: நாளாக ஆக இறுகிக் கட்டிதட்டும், மொட்டை மாடி வெயிலில் போட்டுக் கம்பால் அடிக்க வேண்டும், தப்பித்தவறி உள்ளே தங்கிவிட்ட கொட்டை ஒன்று நடு ராத்திரியில் சரியாகக் காதுக்கு அடியில் வந்து நிற்கும்.

எதிர்த்தரப்பில் மெமரி ஃபோம். 1966-ல் நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்துக்காக சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளரின் பங்களிப்போடு உருவானது. விமான இருக்கைகளில் அதிர்ச்சி தாங்குவதற்காக வந்தது. உடம்புச் சூட்டில் இளகும், குளிரில் விறைக்கும். ஆக, டிசம்பர் கொடைக்கானலில் ஒரு தலையணையாகவும் மே மாத வேலூரில் வேறொரு தலையணையாகவும் இருக்கும். அதிலும் யு வடிவம் என்றால் இரண்டு பக்கமும் அணைகட்டிக்கொண்டு நடுவில் வேக வேண்டியதுதான்.

இந்த அறிவோடு ஒரு மெத்தைக் கடைக்குச் செல்ல நேர்ந்தது. உள்ளறையில் ஒருவர் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு பஞ்சு திணித்துக்கொண்டிருந்தார். புருவமெல்லாம் வெள்ளை. முதலில் நான்கு மூலைகளிலும் கம்பால் குத்தி இறுக்கினார், பிறகு வயிற்றை நிரப்பினார், பிறகு முழங்காலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு கோணி ஊசியால் வாயைத் தைத்தார். மூலை சரியாக அமையாத தலையணை ஒரே மாதத்தில் நடுவில் குடம், ஓரத்தில் வெறும் துணி என்றாகிவிடுமாம்.

“அண்ணே, அஞ்சடி நீளத்துக்கு உருளையா ஒண்ணு வேணும்.”

“திண்டா சார்? கல்யாணத்துக்கா?”

“இல்லண்ணே. கட்டிப் பிடிச்சுப் படுக்க. ஒரு முனை தலைக்கு, இன்னொரு முனை முழங்காலுக்கு நடுவுல.”

அவர் துண்டை அவிழ்த்தார். “ரெண்டுக்கும் ஒரே தலாணியா?”

“ஒரே தலாணிதான்.”

“வீட்டுல பெரியவங்க யாரும் இல்லையா சார்?”

பொறியியல் முடிந்து சாத்திரம் தொடங்கும் இடம் இது. தலைக்கு வைத்ததைக் காலுக்கு வைக்கலாகாது. தலையணைமேல் உட்கார்ந்தாலே திட்டு விழும்; மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்பவர்களும் உண்டு. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்றால் சிரசைத் தாங்கியதற்கும் அதில் பங்கு வந்துவிடுகிறது. இதனால் நம் வீடுகளில் தலையணைக்குப் பதவியிறக்கம் உண்டு, பதவி உயர்வு கிடையாது. புதிதாக இருக்கும்போது விருந்தாளியின் தலைக்கு. உறையில் எண்ணெய்க் கறை ஏறியதும் வீட்டாரின் தலைக்கு. கட்டிதட்டியதும் காலுக்கு. அதற்கப்புறம் தையல் மெஷின் ஸ்டூலுக்கு மெத்தையாகி, கடைசியில் பூனைக்கு. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியைப் போலவே இந்தப் போக்குக்கும் பின்னோக்கிய வழி கிடையாது. காலுக்குப் போன தலையணையை எவ்வளவு துவைத்து எவ்வளவு வெயில் காட்டினாலும் அது மீண்டும் தலைக்கு வராது. வேண்டுமானால் பஞ்சைப் பிரித்து, அடித்து, புதுத் துணியில் திணித்தால் வரலாம். அதற்குப் பெயர் மறுபிறவி.

இந்த விதி தளர்ந்து நான் கண்டது 2021-ல். அந்த ஏப்ரலில், வீட்டில் இருக்கும் கொரோனா நோயாளிகளுக்கு மூச்சு எளிதாகக் குப்புறப் படுக்கும் முறையை மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்டது. நான்கைந்து தலையணை வேண்டும் என்றது: கழுத்துக்கு அடியில் ஒன்று, மார்பிலிருந்து மேல்தொடை வரை ஒன்றோ இரண்டோ, முழங்காலுக்குக் கீழே இரண்டு. தலையணைகளை எண்ணிச் சொன்ன அரசு ஆவணத்தை அன்று யாரும் சிரித்துக்கொண்டு படிக்கவில்லை. ஆளுக்கொன்று என்று வைத்திருந்த வீடுகளில் எல்லாத் தலையணையும் ஒரே கட்டிலுக்குப் போயின. மற்றவர்கள் வேட்டியைச் சுருட்டித் தலைக்கு வைத்துக்கொண்டார்கள். எந்தத் தலையணை எந்த முனைக்குப் போயிற்று என்று பெரியவர்கள் எவரும் கேட்கவில்லை. நோய் போனதும் கேட்டார்கள்.

குடும்பச் சட்டம் படுக்கைப் பொருளில் தலையிடுவது நமக்கு மட்டும் உரியதல்ல. கொரியாவில் கோடைக்கென்று மூங்கிலில் முடைந்த ஒரு நீள்கூடை உண்டு, சீனாவிலும் உண்டு. பெயரே மூங்கில் மனைவி. கைகாலைப் போட்டுக் கட்டிக்கொண்டு படுத்தால் ஊடே காற்று ஓடும். வெயில்காலத்துக்கு இதற்கு நிகரான உடல்தாங்கியை நாசாவும் செய்யவில்லை. ஆனால் அப்பா கட்டிக்கொண்டு படுத்ததை மகன் பயன்படுத்தக் கூடாது என்பது கொரிய வழக்கம். பெயர் வைத்தபிறகு வேறு எப்படி இருக்கும்?

இத்தனையையும் கருத்தில் கொண்டு இக்கட்டுரையாளர் முன்வைக்கும் வடிவம் வருமாறு. ஐந்தடி உருளை. உள்ளே மூன்று அறைகள். தலையறையில் பஞ்சு தளர்வாக, நடுவறையில் இறுக்கமாக, காலறையில் நடுத்தரமாக. ஒவ்வோர் அறைக்கும் நாடா கட்டிய வாய். உயரம் கூடினால் ஒரு பிடி எடுத்துவிடலாம், குறைந்தால் திணிக்கலாம். இரு முனைகளிலும் நாடா இருப்பதால் வளைத்துக் கட்டிக் கர்ப்பிணிக்குக் கொடுக்கலாம், நீட்டி ஒருக்களிக்கலாம், மடித்து முழங்காலுக்கு அடியில் தள்ளலாம், சுவரில் சாய்த்துத் திண்டாக்கிப் பேப்பர் படிக்கலாம். சாத்திரத்துக்காகத் தலைமுனையில் மட்டும் சிவப்பு நூலால் ஒரு தாமரை. உறையில் மட்டும் போட்டால் துவைத்து மாட்டும்போது முனை மாறிவிடும் என்பதால் உள்துணியிலும் ஒன்று.

தாமரையோடு இது வீட்டுக்கு வந்தது. அத்தைப்பாட்டி முனைக்கு முனை தடவிப் பார்த்தார். பஞ்சு நல்ல பஞ்சு என்று ஒப்புக்கொண்டார்.

“ஏண்டா, ராத்திரி நீ புரள மாட்டியா?”

“புரளுவேன் பாட்டி.”

“அது உன்னோட சேர்ந்து புரளும்ல? விடிஞ்சா தாமரை எங்க கெடக்கும்?”

திருவெஃகாவை எடுத்துச் சொன்னேன். அது பெருமாள் என்றார். தூக்கத்தில் நேர்வதற்குத் தோஷம் கிடையாதே என்று வாதிட்டுப் பார்த்தேன். தூங்கும்போது கிடையாது, விழித்தபின் தெரிந்தே மறுநாளும் தலைக்கு வைத்தால் உண்டு என்றார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. வேறு வழி ஏதாவது உண்டா என்று கேட்டேன்.

“நடுவுல வெட்டி ரெண்டாத் தைச்சிடு.”

அப்படித் தைத்தால் மிஞ்சுவது தலைக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு தலையணை, ஊரெல்லாம் விற்பதுதான், ஆய்வுக்கே அர்த்தமில்லாமல் போய்விடும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“அதைத்தானே நானும் சொல்றேன்” என்று கத்தரிக்கோலை எடுத்து வரச் சொன்னார்.