மே மாதத்து வக்கீல்

கோடை விடுமுறையில் எங்கே இன்டர்ன்ஷிப் போவது என்று யோசிக்கும் சட்ட மாணவரை ஜனவரி முதல் ஏப்ரல் வரை எந்தச் சட்டக் கல்லூரி கேன்டீனிலும் பார்க்கலாம். ஐந்தாண்டுப் படிப்பில் மூன்றாம் ஆண்டுதான் யோசனை முற்றும் பருவம். முதலாமாண்டுக்காரருக்கு விஷயம் தெரியாது. ஐந்தாமாண்டுக்காரருக்கு வெள்ளம் தலைக்கு மேல் போய்விட்டதால் சாண், முழம் என்று கணக்குப் பார்ப்பதில்லை.

யோசனையைக் கிளப்பிவிட்டது சட்டமேதான். இந்திய பார் கவுன்சிலின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரமும் பயிற்சி கட்டாயம். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது. எங்கே போகலாம் என்பதிலோ விதிக்குத் தாராள மனசு. வழக்கறிஞர், நீதித்துறை, தொண்டு நிறுவனம், சட்ட நிறுவனம், கம்பெனி, சட்டமன்றம், நாடாளுமன்றம், உள்ளாட்சி அமைப்பு என்று பட்டியல் நீள்கிறது. பஞ்சாயத்து அலுவலகத்துக்கு விண்ணப்பித்த மாணவரைப் பற்றி மட்டும் கேன்டீனில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

இந்தப் பட்டியலை நம் மூன்றாமாண்டு மாணவர் எக்ஸெல்லில் ஏற்றுகிறார். இடம், ஊர், ஸ்டைபண்ட், சான்றிதழ், லிங்க்டின் மதிப்பு எனத் தலைப்புகள் உண்டு. ‘கற்றுக்கொள்வது’ என்று ஒரு தலைப்பு கிடையாது. முதல் வரிசையில் மும்பையின் பெரிய சட்ட நிறுவனங்கள் நிற்கும். கண்ணாடிக் கட்டடம், இரவு பதினொன்றுக்குச் சாப்பாடு, எண்பது பக்க ஒப்பந்தத்தில் காற்புள்ளி தேடும் வேலை. “எவ்வளவுப்பா குடுப்பாங்க?” என்று அம்மா கேட்கும்வரை அங்கே போவதில் சந்தேகமே இல்லை. ஸ்டைபண்டில் ஒரு மாத வாடகையைக் கழித்துப் பார்த்த பிறகு, தொழிலாளர் நலச் சட்டத்தில் இவருக்குத் திடீர் அக்கறை பிறக்கிறது.

அடுத்தது டெல்லி. தேசிய மனித உரிமை ஆணையத்தின் கோடைப் பயிற்சி ரெஸ்யூமில் கம்பீரமாக உட்காரும். உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞரிடம் சேரலாம் என்றால் அங்கே கோடை விடுமுறை குறுக்கே வருகிறது. 2024இல் திருத்திய விதிகளில் அதற்கு ‘பகுதி வேலை நாட்கள்’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறியதே தவிர, சீனியரின் வெளிநாட்டுப் பயணம் மாறவில்லை.

சென்னையிலேயே இருந்துவிடலாம் என்று முடிவெடுக்கும்போதுதான் பெரிய சிக்கல். மாணவருக்கு விடுமுறை மே மாதம். சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் விடுமுறை மே மாதம். 1892இல் திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தில் அவசர வழக்குகளுக்கான விடுமுறை அமர்வு மட்டும் நடக்கும். சிவில் நீதிமன்றங்களும் மூடியிருக்கும். எழும்பூர், சைதாப்பேட்டை மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் வழக்கம்போல இயங்குகின்றன. ஆனால் எக்ஸெல்லில் அவற்றுக்கு லிங்க்டின் மதிப்பு பூஜ்யம். உச்ச, உயர் நீதிமன்றங்கள் தவிர மற்ற இடங்களில் கோடையில் வழக்கறிஞருக்கே கறுப்பு கோட்டு கட்டாயமில்லை. வழக்கறிஞராகாத இவரோ புதுக் கோட்டு தைக்கக் கொடுத்துவிட்டார்.

பிப்ரவரிக்குள் ஒரே கடிதம் நாற்பது இடங்களுக்குப் பறக்கிறது. “தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பணியாற்றுவதே என் சிறுவயதுக் கனவு” என்பது அதன் முதல் வரி. சிறுவயதுக் கனவில் வந்த நிறுவனத்தின் பெயரை மாற்ற மறந்து அனுப்பிய கடிதங்கள் நாற்பதில் ஆறாவது தேறும். மூட் கோர்ட்டில் கால் இறுதிக்கு வந்தது தடித்த எழுத்தில் இருக்கும். பங்கேற்ற அணிகள் எட்டுதான் என்பது எங்கும் இருக்காது.

ஏப்ரல் கடைசியில் எக்ஸெல்லை அப்பா மூடிவைக்கிறார். கூடப் படித்தவர் ஒருவருக்குத் தம்பு செட்டி தெருவில் சேம்பர். “சார், நம்ம பையன் லா படிக்கிறான், ஒரு மாசம் உங்ககூட வெச்சுக்கணும்” என்று ஒரு போன். “நாளைக்கே வரச் சொல்லுங்க” என்று பதில். நான்கு மாத ஆராய்ச்சி அரை நிமிடத்தில் முடிகிறது. ஸ்டைபண்ட் பற்றி இரு தரப்பும் பேசுவதில்லை. ஜூனியர்களுக்கு நகரங்களில் மாதம் 20,000 ரூபாயும் கிராமப்புறங்களில் 15,000 ரூபாயும் தரலாம் என்று பார் கவுன்சில் 2024இல் சொன்னது பதிவு செய்த வழக்கறிஞர்களுக்குத்தான்.

சேம்பருக்குப் போனால் சீனியர் கொடைக்கானலில் இருப்பார். மாணவரைச் சந்திக்கக் காத்திருப்பவர் குமாஸ்தா. மனு ஏன் ரிட்டர்ன் ஆனது, எந்தப் பக்கத்தில் கையெழுத்து விட்டுப்போனது, கோர்ட் கட்டணம் எவ்வளவு குறைகிறது, குறையைச் சரிசெய்து மறுபடி தாக்கல் செய்ய இன்னும் எத்தனை நாள் இருக்கிறது என்று ஒரு கேஸ் கட்டைப் பிரித்துக் காட்டி அவர் பத்து நிமிடத்தில் சொல்வது, மூன்று ஆண்டுகளில் எந்த வகுப்பிலும் வராதது. “வாய்தா கேக்கத் தெரியுமா தம்பி?” என்பார். அரசியலமைப்பின் 21ஆம் பிரிவை ஒப்பிக்கத் தெரிந்த தம்பிக்கு அது தெரியாது. இந்திய வழக்காடலில் பாதி அதுதான் என்பதை அவரிடமிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாணவர் எழுதிச் சமர்ப்பிக்கும் பயிற்சி நாட்குறிப்பில் குமாஸ்தாவின் பெயர் வராது. சான்றிதழில் கையெழுத்திடுபவர் சீனியர். அடுத்த கோடைக்கு விண்ணப்பிக்க நினைப்பவர்கள் கவனிக்க: குமாஸ்தாவுக்கு மின்னஞ்சல் முகவரி கிடையாது. காலை பத்து மணிக்கு முன்னால் நேரில் போய்க் கேட்க வேண்டும்.