அத்தைக்குப் பிடித்த புடவை

ஐப்பசி பிறந்து காவிரியில் துலா ஸ்நானம் ஆரம்பமான மாத்திரத்தில், திருவிடைமருதூர்க் கிரகஸ்தர்களின் சிந்தையை ஆக்கிரமிப்பது புண்ணிய விசாரம் அன்று. குற்றங் காண்பதில் நிபுணியாகிய அத்தைக்கு இவ்வருஷத் தீபாவளிக்கு எதைக் கொடுப்பது என்னும் மகா பிரச்னையே. கூப்பிடு தூரத்தில் திருபுவனம் இருக்க, பட்டுக்குப் பஞ்சமில்லை; ஆயினும், விசிறி மடிப்புக்குப் பெயர்போன அப்புடவையில் சரிகை மிகுந்தால் ஆடம்பரம், குறைந்தால் லோபித்தனம். நாச்சியார்கோயில் குத்துவிளக்கோ, ‘துலக்க ஆளில்லை’ என்ற தீர்ப்புடன் பரணேறும். கும்பகோணத்து வெற்றிலை ஒன்றுதான் ஆட்சேபணையின்றி ஏற்கப்பட்டதாகக் கேள்வி. வாய் நிறைந்திருந்தது காரணமாயிருக்கலாம்.

பிரம்மஹத்தி பீடித்த வரகுண பாண்டியன் மகாலிங்கசுவாமி கோயிலுக்குள் கீழவாசல் வழியே புகுந்து, அது அங்கேயே காத்திருக்க, மேலவாசல் வழியே வெளியேறினான் என்பது ஐதிகம். அத்தை வீட்டின் முன்வாசலில் நுழையும் புடவைகளும் இந்தச் சம்பிரதாயத்தையே அனுசரித்து, கொல்லை வழியாக யாரேனும் ஒருவரின் கல்யாணத்துக்குப் புறப்பட்டுவிடுகின்றன. அப்படிப் போன ஒன்று, பல வீடு சுற்றி, இவ்வருஷம் அத்தைக்கே வரிசையாக வந்து சேர்ந்தது. அதை முதன்முதலில் வாங்கிக் கொடுத்த மருமகனை அழைத்துக் காட்டி, “பாருடா, இதுக்குப் பேர்தான் புடவை; நீயும்தான் வாங்கினியே!” என்றாள்.