ஆவணியில் மார்கழி: பாலாற்றங்கரைக் கொயர் மாஸ்டரின் திணைமயக்கம்

கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சியை எந்த மாதத்தில் தொடங்குவது என்னும் சிக்கலை வேலூர், ஆம்பூர் வட்டாரத்துக் கொயர் மாஸ்டர்கள் ஆண்டுதோறும் எதிர்கொள்கிறார்கள். ஆய்வுலகம் ஒருமுறைகூட எதிர்கொண்டதில்லை. வேலூர்க் கோட்டைக்குள் 1846இல் எழுந்த புனித யோவான் ஆலயத்தைக் கட்டடக்கலை வல்லுநர்கள் அளந்துவிட்டார்கள். ஆர்க்காடு மிஷனை வரலாற்றாசிரியர்கள் எழுதிவிட்டார்கள். ஆகஸ்ட் புழுக்கத்தில், மின்விசிறிக் காற்றுக்குத் தாள் பறக்காமல் முழங்கையை ஊன்றியபடி டெனார்க்காரர்களுக்குப் பெத்லகேமைப் புகட்டும் ஆசிரியரின் மனநிலைக்குத்தான் முனைவர் பட்டம் வாங்க ஆளில்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம், மரபுக்கு மாறுதான்: சீக்கிரம் தொடங்குவதில் குற்றமில்லை, தொடங்குகிறவருக்கு அதில் நிறைவும் இல்லை, இரண்டுக்கும் காரணம் ஒன்றே. (காண்க: மாஸ்டரின் பாட்டு நோட்டு, பின் அட்டை.)

எந்தத் தமிழாய்வும் தொல்காப்பியத்தில் தொடங்கினால்தான் செல்லும் என்பதால் இதுவும் அங்கேயே தொடங்குகிறது. முல்லைக்குப் பெரும்பொழுது கார், சிறுபொழுது மாலை. காருக்கு ஆவணியும் புரட்டாசியும் என்று கணக்குக் கொடுத்தவர்கள் உரைகாரர்கள். முல்லையின் உரிப்பொருளோ இருத்தல், அதாவது வருகிறவருக்காகக் காத்திருத்தல். ஆவணி மாலையில் ஆறரை மணிக்குப் பயிற்சி வைத்து, வராத ஆல்ட்டோக்களுக்காகக் காத்திருக்கும் மாஸ்டர் முல்லைத்திணைக்குரியவர் என்பதில் இனி ஐயமில்லை. ஆனால் அவர் கற்பிக்கும் பாட்டு மார்கழிக்குரியது, மார்கழி முன்பனி. கார்காலத்து மனிதர் முன்பனிக்காலத்து மகிழ்ச்சியைக் கைக்கொள்வதையே உலகம் கலவையான மனநிலை என்கிறது. இலக்கணம் அதைத் திணைமயக்கம் என்று கண்ணியமாகச் சொல்லும். காலம் மயங்கலாம், நிலம் மயங்கலாகாது என்பது உரைமரபு. ஆகவே ஆவணியில் கிறிஸ்துமஸ் பாட்டு இலக்கணப்படி செல்லும். (காண்க: மேற்படி நோட்டு, தேநீர்க் கறைக்கு வடகிழக்கே, பென்சில் குறிப்பு.)

காலத்தைப் பொறுத்துச் சிந்தனைப் பள்ளிகள் இரண்டு. ஹாண்டல் பள்ளி ஆவணிக்காரர்களுடையது: ஹாண்டல் தம் 'மேசியா' இசைப்படைப்பை 1741 ஆகஸ்ட் 22இல் தொடங்கி 24 நாளில் முடித்தார், அது முதலில் அரங்கேறியதோ 1742 ஏப்ரலில், டப்ளினில். ஆவணியில் எழுதத் தொடங்கி ஏப்ரலில் பாடியதை நாம் மார்கழிக்குச் சொந்தமாக்கிக்கொண்டோம். குரூபர் பள்ளி கடைசி நேரக்காரர்களுடையது: 1818 டிசம்பர் 24 அன்று குரூபர் மெட்டமைக்க, அன்றிரவே ஓபர்ன்டார்ஃப் ஆலயத்தில் பாடப்பட்ட 'சைலன்ட் நைட்' இவர்களுக்கு ஆதாரம். அங்கே பாடியவர்கள் அரையாண்டுத் தேர்வு எழுதவேண்டியிருக்கவில்லை என்பதை இப்பள்ளி மறைத்துவிடுகிறது. இங்கே பள்ளிக்கூடத்து இசை ஆசிரியருக்கு நவம்பரை மழை விடுமுறையும் டிசம்பரைத் தேர்வும் எடுத்துக்கொள்ளும். திருவருகைக் காலத்துக்கு முன் கிறிஸ்துமஸ் பாட்டே கூடாது என்று போதகர்கள் தடை எழுப்புவர். அந்த விதி ஆராதனையைக் கட்டும், பயிற்சியைக் கட்டாது.

நிலம் மயங்கலாகாது என்ற இடத்தில்தான் சிக்கல் பெருகுகிறது. ஆங்கிலக் கேரல்களில் வெண்பனி கொட்டுகிறது. வேலூரில் எந்த மாதத்திலும் கொட்டுவதில்லை. அப்படியானால் குற்றம் ஆகஸ்டில் பாடியதா, வேலூரில் பாடியதா? பனிப்பாட்டை டிசம்பர் 25 அன்று பாடினாலும் அது நிலமயக்கம்தானே? இந்தத் தடைக்கு விடை ஆம்பூர்த் தொழிற்சாலையில் இருக்கிறது. ஐரோப்பியக் குளிர்காலத்துக்கான தோல் செருப்பும் பூட்ஸும் இங்கே வெயில் மண்டையைப் பிளக்கும் மாதங்களில் வெட்டப்பட்டு, தைக்கப்பட்டு, சென்னைத் துறைமுகம் போகின்றன. அந்தப் பனியில் நடக்கும் கால்களில் சில ஆம்பூர்த் தையலில் நடக்கின்றன. ஆகவே அந்தப் பனி நமக்கு அந்நியமன்று, வாடிக்கையாளர். தோல் பதனிட்ட கழிவு மட்டும் பாலாற்றில் தங்கிவிட்டது. 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லும் அளவுக்குத் தங்கியது. பருவத்தை அனுப்புகிற ஊரில் அதன் மிச்சம்தான் நிற்கும். மாஸ்டரின் நிலையும் அதுவே. அவர் நான்கு மாதம் முன்னதாகத் தைத்த மகிழ்ச்சி 24ஆம் தேதி இரவு சபையாருக்குப் புத்தம்புதிதாகப் போய்ச் சேர்கிறது. அவருக்குக் கேட்பது பாட்டின் பதினேழாம் தாளக்கட்டத்தில் பேஸ் அரைச்சுருதி இறங்குவது மட்டுமே. (காண்க: ஆர்மோனியப் பெட்டி உள்மூடி, மூன்றாம் வரி. பேஸ் பெஞ்சின் அடியில் பேனாக்கத்தியால் செதுக்கிய வாசகம் வேறு பாடம் தருகிறது. ஆனால் பெயின்ட் அடித்தபோது அதன் முற்பகுதி சிதைந்தது. எஞ்சிய நான்கு எழுத்தைக்கொண்டு முழு வாக்கியத்தையும், எழுதியவரின் குலத்தையும், அவர் காலத்து வரிவிதிப்பையும் மீட்டெடுக்கும் துணிவு கல்வெட்டறிஞர்களுக்கே உண்டு.)

சுருதி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1916இல் பரோடா இசை மாநாட்டில் சுருதி 22 என்போரை எதிர்த்து 24 என்று நின்றார் இசையறிஞர் ஆபிரகாம் பண்டிதர். மறு ஆண்டு 'கருணாமிர்த சாகர'மாகப் பெரும் நூலே கொண்டுவந்தார். வழக்கு இன்னும் ஓயவில்லை. இரு தரப்பாரும் பேஸ் வரிசையை ஒரு மாலை கேட்டிருந்தால் இரண்டு எண்ணுமே போதாதென்று கண்டு சமாதானமாகியிருப்பார்கள்.

சீக்கிரம் தொடங்கினால் பாட்டு சலித்துவிடுமே என்பது கடைசித் தடை. பாடுகிறவர்களுக்குச் சலிப்பதில்லை, அவர்கள் பாதி நாள் வருவதில்லை. சலிப்பு முழுவதும் ஒரே ஆளிடம் சேர்கிறது. சோப்ரானோ பாட ஜூலையில் சேர்ந்த பையன் டிசம்பரில் குரல் உடைந்து நிற்பது வேறு கணக்கு. பரிகாரம் இரு பள்ளிகளையும் இணைப்பதே: எல்லாவற்றையும் ஹாண்டல் முறைப்படி ஆவணியில் தொடங்கட்டும், ஒரே ஒரு பாட்டை மட்டும் குரூபர் முறைப்படி 24ஆம் தேதி மாலைவரை மாஸ்டர் தொடாமல் வைத்திருக்கட்டும். பயிற்சியில்லாத பாட்டை பேஸ் வரிசை கெடுத்துவிடும் என்பார்கள். பயிற்சி கொடுத்த பாட்டை மட்டும் என்ன செய்கிறார்களாம்?